வாளியில் வடிந்த நாற்பத்தாறு லிட்டர்

காரைக்கால்
4 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

ஆக்சிலியா அக்காவுக்கு,

வில்சன் எழுதுகிறேன். இங்கே நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் தூக்கம். கன்னியர் மடத்தில் பயிற்சி முடியும்வரை கைப்பேசி கிடையாது, மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் நீ கடிதம் எழுதலாம் என்று அம்மா சொன்னாள். இருபத்தாறு வயதில் முதல் முறையாகத் தபால் ஆபீஸில் கவரும் ஸ்டாம்பும் வாங்கினேன். கவுன்ட்டரில் இருந்தவர் "நேர்முகத் தேர்வுக்கா தம்பி?" என்று கேட்டார். அக்காவுக்கு என்றால் நம்பமாட்டார் என்று தலையாட்டிவிட்டேன். இதை உங்கள் மதர் பிரித்துப் படிப்பார்களா? படித்தால், வணக்கம் மதர். மறைக்க ஒன்றுமில்லை.

சேதி இரண்டு. முதலாவது, ஸ்ரீபெரும்புதூர் வேலையை விட்டுவிட்டேன். நீ பாதியில் விட்டுப்போன பிளஸ் டூ கணக்கு வகுப்பு இப்போது என் தலையில். ஆள் கிடைக்கவில்லை என்று உன் ஹெச்.எம். வீட்டுக்கே வந்து அம்மாவிடம் கேட்டார். பி.எட். கூட இல்லாதவன், வால்வுக்கும் சென்சாருக்கும் கணக்குப் போட்டவன், தற்காலிகமாக வாத்தியார். ஆசைப்பட்டு வரவில்லை. அப்பா இல்லை, நீயும் போய்விட்டாய், அம்மா தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறாள். யாராவது ஒருவர் வர வேண்டியிருந்தது.

உன் பிள்ளைகள் இருபத்து மூன்று பேரும் கை வேகமாக இருக்கிறார்கள். எதைக் கொடுத்தாலும் வகையிடுகிறார்கள். டிஒய் பை டிஎக்ஸ் என்றால் என்ன என்று கேட்டேன். "மேல டிஒய் சார், கீழ டிஎக்ஸ்." எதற்குப் பயன்படும்? "அஞ்சு மார்க்குக்கு சார்." சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து புத்தகத்தில் இருக்கும் எண் ஒன்றையும் தொடப்போவதில்லை. அவரவர் ஊரில் அவரவர் அளந்து வரும் எண்தான்.

இரண்டாவது சேதி. மே மாதம் நீ துறவு உறுதி எடுக்கும் முதல் வார்த்தைப்பாட்டுக்கு வீட்டிலிருந்து எத்தனை பேர் என்று மதர் கேட்கிறார்களாமே, சாப்பாட்டுக்கு. எழுதிக்கொள்: ஒன்று. அம்மா மட்டும். பாண்டிச்சேரிக்காரர்களோடு பேசிய கல்யாணம் நின்றது, நான்கே மாதத்தில் நீ பெட்டியைக் கட்டினாய். கேட்டதற்குப் பத்து வருட ஆசை என்றாய். பொய் என்று அன்றைக்கே உன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். இன்றைக்கும் அதேதான்.

வில்சன்

*

நவதுறவியர் இல்லம், திண்டுக்கல்
1 செப்டம்பர் 2024, ஞாயிறு

இயேசுவுக்கே புகழ்!

என் அன்புத் தம்பி வில்சனுக்கு, அக்காவின் முத்தங்கள்.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். மதர் பிரிப்பதில்லை. ஆனால் உன் வணக்கத்தைச் சொன்னேன். "இந்தத் தம்பி கோபத்திலும் மரியாதையாக இருக்கிறாரே" என்று சிரித்தார்கள்.

வேலையை விட்டது அறிந்து வருந்தினேன். அம்மா தனியாகச் சாப்பிடுவதை நீ ஒரு வரியில் எழுதிவிட்டாய், எனக்கு அன்று இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நீ அங்கே இருக்கிறாய் என்பது ஆறுதல். சாப்பிடும்போது கைப்பேசியைப் பார்க்காதே, அவளோடு பேசு.

பிள்ளைகள் என்று எழுதினாலும் நீ குறை சொன்னது என்னைத்தான். தேர்வுக்குத்தான் நடத்தினேன், ஒப்புக்கொள்கிறேன். நீ நினைப்பது நல்ல வழி. ஒன்று மட்டும் சொல்கிறேன். எண்களை அளந்துவரச் சொன்னால், பிறகு அந்த எண்கள் சொல்வதைக் கேட்கவும் வேண்டும். உனக்குக் கேட்கும் பொறுமை கொஞ்சம் குறைவு. நீ மூன்றாம் வகுப்பில் விடைத்தாளைப் பார்த்து டீச்சரையே திருத்தியவன்.

சாப்பாட்டுக்கு ஒன்று என்பதை இன்னும் மதரிடம் சொல்லவில்லை. மே மாதத்துக்கு நாள் இருக்கிறது. வரும் கடிதத்தில் மறுபடியும் கேட்பேன், கோபித்துக்கொள்ளாதே.

செபத்தில் உன்னை மறவாத
அக்கா ஆக்சிலியா

*

காரைக்கால்
10 நவம்பர் 2024, ஞாயிறு

அக்கா,

அக்டோபர் மாதம் உன் கடிதமும் வந்தது, நவம்பருடையதும் வந்தது. இரண்டிலும் கடைசி வரி ஒன்றே, எத்தனை பேர் என்று. என் பதிலும் ஒன்றே. ஒன்று.

வகுப்பு சுவாரசியமாகப் போகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். உனக்கு நௌஷினைத் தெரியும், அம்பகரத்தூர் பஸ்ஸில் வருபவள். டிரைவர் மதார் சாகிப் பக்கத்தில் உட்கார்ந்து நிமிடத்துக்கு ஒரு முறை வேகத்தைக் குறித்து வா, வரைபடம் போட்டு அதன் கீழுள்ள பரப்பைக் கண்டால் தூரம் வரும் என்று அனுப்பினேன். மறுநாள் தாளை நீட்டினாள். இருபத்தெட்டு நிமிடத்துக்கும் பூஜ்யம்.

"முள்ளு நவுரவே இல்ல சார்."

"பஸ்ஸு?"

"பஸ்ஸு ஊருக்குப் போயிருச்சு சார். முள்ளு செத்து நாலு வருசமாச்சாம். மாமா காத்து மூஞ்சில அடிக்கிறத வச்சே ஓட்டுறாராம்."

வகுப்பே உருண்டு சிரித்தது. நானும்தான். பிறகு கிலோமீட்டர்க் கல்லையும் கடிகாரத்தையும் வைத்துச் செய்தோம். இரண்டு கல்லுக்கு நடுவில் ஆன நேரம், அதிலிருந்து வேகம். எந்த இடத்தில் பிரேக் போட்டார், எங்கே ஆள் ஏற்றினார் என்பதெல்லாம் சாய்விலேயே தெரிந்தது. "சார், பாலத்துக்கிட்ட மாடு படுத்திருந்துச்சு, அதுவும் கிராஃப்ல வந்துருச்சு" என்றாள் நௌஷின். அன்றைக்கு டிஒய் பை டிஎக்ஸ் என்றால் என்ன என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது மீன் ஐஸ். பெட்டியில் போட்ட ஐஸ் உருகி அடியிலுள்ள ஓட்டை வழியாக வடிகிறது அல்லவா? அங்கே ஒரு வாளியை வைத்து அரை மணிக்கொரு முறை அளந்தால் ஐஸ் உருகும் வேகம் கிடைக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தம் உருகிய ஐஸ். முன்னது வகை, பின்னது தொகை. இதைவிடச் சுத்தமாக எந்தப் புத்தகமும் சொல்லாது. கிளிஞ்சல்மேட்டுச் சுகிர்தாவிடம் கொடுத்தேன். அப்பாவுக்கு ஃபைபர் படகு, அம்மா நம் மார்க்கெட்டில் மீன் விற்கிறார். ஒரு சனிக்கிழமை முழுக்க அளந்து வந்தாள்.

என்ன எழுதியிருந்தாள் தெரியுமா? போட்ட ஐஸ் நாற்பது கிலோ. மாலை மூன்று மணிக்கு மிச்சம் ஐந்து கிலோ. ஆகவே உருகியது முப்பத்தைந்து. வாளியில் வடிந்தது நாற்பத்தாறு லிட்டர்! பதினோரு லிட்டர் எங்கிருந்து வந்தது, வானத்திலிருந்தா? அதுவும் ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் வேகம் குபுக்கென்று ஏறி இறங்குகிறது. ஐஸ் அப்படி உருகாது. கம்பெனியில் இப்படி ஒரு தாளை நீட்டியிருந்தால் அன்றே வெளியே அனுப்பியிருப்பார்கள். அட்டவணையின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, "பொய்க் கணக்கு. வீட்டில் உட்கார்ந்து எழுதியது" என்று எழுதி, வகுப்பிலும் வாசித்தேன். அவள் நோட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். இனி எவளும் எண்ணைச் சமைக்கமாட்டாள்.

அம்மா நலம். உன் கட்டிலில் துணி மடித்து வைக்கிறாள்.

வில்சன்

*

திண்டுக்கல்
1 டிசம்பர் 2024, ஞாயிறு

இயேசுவுக்கே புகழ்!

அன்புத் தம்பிக்கு,

காரைக்காலில் மழை பலமாமே, ஓட்டு இறவாணம் ஒழுகுகிறதா? பரணில் அப்பாவின் பழைய தார்ப்பாய் இருக்கிறது, எடுத்துப் போடு.

பஸ் கதையை இங்கே எல்லாரிடமும் வாசித்துக் காட்டினேன். மாட்டைக் கேட்டு மதருக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது.

சுகிர்தாவைப் பற்றி நீ எழுதியதை மட்டும் வாசிக்கவில்லை. மூன்று வருடம் என் வகுப்பில் இருந்தவள். பார்த்து எழுதத் தெரியாமல் பூஜ்யம் வாங்கிய பிள்ளை வில்சன், அவள் எண்ணைச் சமைக்கமாட்டாள். சிவப்புக் கோடு அடிக்கும் முன் அவளை ஒரு வார்த்தை கேட்டாயா? அவள் பள்ளிக்கு வருகிறாளா?

ஒரு காரியம் செய். ஒரு நாள் காலையில் அவள் அம்மா செல்லத்தின் கடைக்குப் போய் ஐஸ் பெட்டியின் பக்கத்தில் நில். என்ன பார்ப்பாய் என்று நான் சொல்லப்போவதில்லை. வாரம் தவறாமல் அங்கே மீன் வாங்கியவள் நான். நீ ஒரு நாள்கூட என்னோடு வந்ததில்லை, நாற்றம் என்று மூக்கைப் பிடிப்பாய்.

மே பத்தாம் தேதி. எத்தனை பேர் தம்பி?

அக்கா ஆக்சிலியா

*

காரைக்கால்
15 டிசம்பர் 2024, ஞாயிறு

அக்கா,

தார்ப்பாய் போட்டாயிற்று.

நீ கேட்டாயே, சுகிர்தா பள்ளிக்கு வந்திருக்கவில்லை. ஒரு மாதமாக மழை விடுமுறை விட்டு விட்டு வந்ததில் பாதி வகுப்பு காலி, அதில் இவள் இல்லாததைக் கவனிக்கவில்லை. உன் கடிதம் ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை வந்தது. வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். நான் சிவப்பில் எழுதிய நாளோடு நின்றிருக்கிறாள். மறுநாள் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மார்க்கெட்டில் நின்றேன்.

"என்ன வேணும் சார்? பாறை இருக்கு, சங்கரா இருக்கு."

"மீன் வேண்டாங்க. சுகிர்தாவோட கணக்கு வாத்தியார் நான்."

செல்லம் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். எனக்கு அது கொஞ்சம் நிம்மதி.

"ஓ, அந்த மகராசன் நீங்கதானா! ஏ சுகிர்தா, வெளிய வா. பொய் கண்டுபுடிக்கிறவரு வந்திருக்காரு ஒன்னத் தேடிக்கிட்டு!"

நாலு கடை தள்ளி இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சுகிர்தா பெட்டிக்குப் பின்னால் வாளியோடு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" என்றாள், வகுப்பில் சொல்வது போலவே.

நான் வாயைத் திறப்பதற்குள் முதல் ஆள் வந்துவிட்டார். செல்லம் பக்கத்திலிருந்த நீல கேனில் மக்கை விட்டு மொண்டு, பளார் என்று மீன்மேல் ஊற்றினார். சங்கரா பளபளவென்று மின்னியது. ஊற்றிய தண்ணீர் ஐஸுக்குள் இறங்கிக் காணாமல் போனது. அரை நிமிடத்தில் வாளியில் சொட்டும் சத்தம் வேகமானது.

அக்கா, ஐந்து வருடம் குழாய்க்குள் போவதையும் வருவதையும் அளந்து சம்பளம் வாங்கியவன் நான்.

"அது என்ன தண்ணிக்கா?" என்றேன். எப்போது 'அக்கா' வந்தது என்று தெரியவில்லை.

"கடத்தண்ணி. நல்ல தண்ணி ஊத்துனா மீன் கண்ணு வெளுத்துரும். வாங்க வர்ற ஆளு பாக்குறப்ப மின்ன வேணாமா? ஏன் சார், பொறந்ததுலேர்ந்து மீனே வாங்குனதில்லியா?"

"எங்க அக்கா வாங்கும்."

"எந்த அக்கா?"

"ஆக்சிலியா."

"அடப் பாவி, டீச்சர் தம்பியா நீ!" அந்த நொடியோடு 'நீங்க' என்பதும் 'சார்' என்பதும் போய்விட்டன. "இந்தா, இந்தக் கூடையக் கவுத்துப் போட்டு ஒக்காரு. எத்தன மக்கு ஊத்துறேன்னு எண்ணு. எண்ணிட்டுப் போயி செவப்பு இங்க்ல எழுது."

உட்கார்ந்தேன். எண்ணினேன். மதியம்வரை இருபத்து நான்கு மக். மக் ஒன்றுக்கு அரை லிட்டர். ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் பதினாறு, ஏனென்றால் கூட்டம் அப்போதுதான். அவள் அட்டவணையில் குபுக்கென்று ஏறியதாக நான் சொன்னது அந்தக் கூட்டம். சட்டையெல்லாம் செதில்.

சுகிர்தா ஏன் பள்ளிக்கு வரவில்லை தெரியுமா? கோபத்தில் அல்ல. "நிரூபிச்சிட்டு வரலாம்னு இருந்தேன் சார். மழையில படகு போகல, மீன் இல்ல, அதான் லேட்டாயிருச்சு." அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு நாள் முழுக்க அம்மாவைத் தண்ணீர் ஊற்றவே விடவில்லையாம். அன்று போட்டது நாற்பது, மிச்சம் நான்கு, வாளியில் வடிந்தது முப்பத்தாறரை. நோட்டில் தேதியோடு இருக்கிறது.

"இவ கணக்கு சரியாப் போச்சு, என் யாவாரம் போச்சு" என்றார் செல்லம். "வர்றவளுவ எல்லாம் 'நேத்து மீனா'ன்னு கேட்டுட்டுப் போறாளுவ. இவ வாளியப் பாத்துச் சிரிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கா."

"முதல்லயே தண்ணி ஊத்தினதைச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலியே சார். வாளியில விழுந்தத எழுதச் சொன்னீங்க. எழுதுனேன்."

அந்த இடத்திலேயே நோட்டை வாங்கி, அதே சிவப்புப் பேனாவால் என் வரியை அடித்தேன். திங்கட்கிழமை வகுப்பில் கரும்பலகையில் 'வடியும் வேகம் = உருகும் வேகம் + ஊற்றும் வேகம்' என்று எழுதி, கீழே 'இரண்டாவதை விட்டது என் தவறு, வில்சன்' என்று கையெழுத்துப் போட்டேன். சுகிர்தா வந்திருந்தாள். ஹெச்.எம். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு கிலோ சங்கரா வாங்கினேன். அம்மா குழம்பு வைத்தாள். நன்றாக இருந்தது.

மே பத்து பற்றி இப்போதைக்கு எழுத ஒன்றுமில்லை.

வில்சன்

*

திண்டுக்கல்
5 ஜனவரி 2025, ஞாயிறு

இயேசுவுக்கே புகழ்! புத்தாண்டு வாழ்த்துகள் தம்பி.

கரும்பலகையில் கையெழுத்துப் போட்டாய் என்று படித்ததும் அப்பாவின் படத்தை எடுத்து வைத்து அவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

இந்த முறை நீ 'ஒன்று' என்று எழுதவில்லை, கவனித்தேன். அதனால் துணிந்து ஒன்று சொல்கிறேன், பிறகு இதைப் பற்றிப் பேசமாட்டேன். பாண்டிச்சேரிச் சம்பந்தம் தானாக நிற்கவில்லை. நான்தான் அவரைத் தனியாகச் சந்தித்து வேண்டாம் என்று சொன்னேன். நல்ல மனிதர், பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். மடத்துக்கு முதல் கடிதம் எழுதியபோது எனக்குப் பத்தொன்பது வயது. அடுத்த வருடம் அப்பா போனார். நீ படிக்க வேண்டும், வேலைக்குப் போய் நிலைக்க வேண்டும் என்று தள்ளிவைத்தேன். பாரமாக நினைத்துச் செய்யவில்லை, சந்தோஷமாகத்தான் செய்தேன். உன்னிடம் முன்பே சொல்லாதது என் தவறு. சொன்னால் நீ படிப்பை விட்டு வேலைக்குக் கிளம்பியிருப்பாய்.

நீ கடைசிப் புள்ளி ஒன்றை மட்டும் பார்த்தாய். ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு சாய்வு கண்டுபிடிக்க முடியாது என்று நீதானே பிள்ளைகளுக்கு நடத்துகிறாய்?

இங்கே தோட்டத்தில் கத்தரி காய்த்திருக்கிறது. காலையில் கிணற்றில் நான்தான் இறைக்கிறேன். நிம்மதியாக இருக்கிறேன் வில்சன். இதை நீ நம்பினால் போதும், வராவிட்டாலும்.

அக்கா

*

காரைக்கால்
27 ஏப்ரல் 2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு மாதம் எழுதவில்லை. பொதுத்தேர்வு என்று காரணம் சொல்லலாம். அது பாதி நிஜம். மீதிப் பாதி, நீ எழுதியதை நான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கோபிக்காதே, என் புத்தி அப்படித்தான்.

அம்மாவிடம் கேட்கவில்லை, அவள் உன் பக்கம். இப்போதெல்லாம் சனிக்கிழமை மீன் நான்தான் வாங்குகிறேன். ஒரு நாள் மீனை ஆய்ந்துகொண்டே செல்லம் கேட்டார்: "டீச்சருக்கு எப்ப சாமியாரம்மா உடுப்பு குடுக்குறாங்க?" மே மாதம் என்றேன். "அப்பாடா. சுகிர்தா ரெண்டாங்கிளாஸ் படிக்கிறப்பலேர்ந்து டீச்சரு சொல்லிக்கிட்டிருந்துச்சு. தம்பி வேலைக்குப் போவட்டும்க்கா, அப்புறம் நான் போறேன்னு. இந்த எடத்துல நின்னுதான் சொல்லும்."

சுகிர்தா இரண்டாம் வகுப்பு. கழித்துப் பார்த்தேன். பத்து வருடம் சரியாக வருகிறது. நீ ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வாரா வாரம் சொன்னதை, ஒரே வீட்டில் இருந்த நான் ஒரு நாள்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

பொய் என்று சொன்னேன். தப்பு. சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது, இதோடு எடுத்துக்கொள்.

தேர்வு நன்றாக எழுதியிருக்கிறார்கள். சுகிர்தா சென்டம் வரும் என்கிறாள், நான் வாயைத் திறக்கவில்லை. ஹெச்.எம். அடுத்த வருடமும் இருக்கச் சொல்கிறார். சரி என்றேன். அம்மாவுக்காக மட்டும் அல்ல. வரிச்சிக்குடிப் பிள்ளைகள் சாலையில் காயும் நெல்லின் ஈரத்தை அளக்க இப்போதே கேட்டுவைத்திருக்கிறார்கள்.

இனி விஷயம். வார்த்தைப்பாட்டுச் சாப்பாட்டுக்கு மீன் எங்கள் பொறுப்பு. மீன்பிடித் தடைக்காலம்தான், ஆனாலும் சுகிர்தா அப்பாவின் ஃபைபர் படகு கரையோரம் போய்வரும். கணக்கு சுகிர்தாவுடையது. மூடியே இருக்கும் பெட்டியில் ஒவ்வொரு மணிக்கும் மிச்சமிருக்கும் ஐஸில் நூற்றில் ஆறு பங்கு உருகுகிறது, மூன்று நாள் அளந்து கண்டிருக்கிறாள். பன்னிரண்டு கிலோ ஐஸ், திண்டுக்கல்வரை ஏழு மணி நேரம். உங்கள் வாசலில் இறக்கும்போது ஏழே முக்கால் கிலோ மிச்சம் இருக்க வேண்டும். வழியில் திறக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது. இதைப் பார்த்துக்கொள்ள செல்லமும் கூட வருகிறார். என்னை நம்ப முடியாதாம்.

மதரிடம் சொல். சாப்பாட்டுக்கு ஒன்று என்று எழுதியிருந்தேன். அந்த ஒன்றைச் சிவப்பு மையில் அடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள். மூன்று. அம்மா, செல்லம், நான்.

பத்தாம் தேதி காலையில் ஒரு தராசோடு வாசலில் நில். ஏழே முக்காலுக்கு அரைக் கிலோ கூடக்குறைய இருந்தால் சுகிர்தா ஜெயித்தாள். ரொம்பக் குறைந்திருந்தால், எவனோ பொறுக்க முடியாமல் வழியில் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறான் என்று அர்த்தம். யார் என்று விசாரிக்க வேண்டாம்.

உன் தம்பி
வில்சன்